எழுத்து எங்கே உடைந்தது? வீடியோவில் தமிழ் கேப்ஷனைச் சரிசெய்யும் வழி

போன ஆடியில் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி பென் டிரைவும் கையுமாக வந்தான். தானே எழுதிப் பாடிய கானா. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை எடுத்த காட்சிகள், அடியில் பாட்டு வரிகள். "எய்த்தெல்லாம் ஒடையுதுண்ணா. வேற ஃபான்ட்டு ஒண்ணு போட்டுக் குடுண்ணா" என்றான். வருவதற்கு முன்பே ஏழு ஃபான்ட் மாற்றிப் பார்த்திருக்கிறான். ஏழிலும் உடைந்தது என்றால் ஃபான்ட்டைத் திட்டி என்ன பயன்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எடிட்டிங் செய்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, வியாசர்பாடி ஃபுட்பால் மேட்ச், கானா, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அதில் எழுத்து உண்டு. வேலை கற்க வருகிறவர்கள் முதல் மாதம் மாட்டிக்கொள்வதும் இதில்தான். 'எழுத்து உடையுது' என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து கோளாறுகள் ஒளிந்திருக்கும். கொம்பு தனியாகப் போய் நிற்பதும் உடைவதுதான், ஓரம் படிக்கட்டு மாதிரி தெரிவதும் உடைவதுதான், சிவப்பு எழுத்து கசிந்து மங்குவதும் உடைவதுதான். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. அந்தத் தம்பியின் வீடியோவில் இந்த மூன்றுமே சேர்ந்து இருந்தன.

முதல் வேலை: உடைந்த இடத்தைப் பிடியுங்கள்

எழுத்து மோசமாகத் தெரியும் பத்து விநாடியை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முழுப் பாட்டையும் ரெண்டர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், நாள் போய்விடும். அந்தப் பத்து விநாடியை மூன்று இடத்தில் பாருங்கள். மென்பொருளின் ப்ரிவியூவில், எக்ஸ்போர்ட் ஆன கோப்பில், பிறகு வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ போன பிறகு. மூன்றிலும் ஒரே வரி தெரியும் இடத்தில் நிறுத்தி, 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள்.

ப்ரிவியூவில் மட்டும் மங்கல், கோப்பில் தெளிவு என்றால் கோளாறே இல்லை. கணினி திணறக் கூடாதென்று மென்பொருள் பாதி அல்லது கால் தரத்தில் காட்டிக்கொண்டிருக்கும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில், படம் ஓடும் ப்ரோகிராம் மானிட்டருக்குக் கீழே பிளேபேக் ரெசல்யூஷன் இருக்கிறது, அதை ஃபுல் ஆக்குங்கள். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் பிளேபேக் மெனுவில் டைம்லைன் ரெசல்யூஷன் பாதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில் ஏமாந்து எழுத்துக்கு, ஓரத்தைக் கூராக்கும் ஷார்ப்பன் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பில் அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடாக வந்து நிற்கும்.

ப்ரிவியூவிலேயே எழுத்து வடிவம் தவறு என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள். வடிவம் சரி, ஓரம் மட்டும் கரகரப்பு என்றால் அளவுப் பகுதிக்குத் தாவுங்கள். கோப்பு நன்றாக இருந்து அனுப்பிய பிறகு மட்டும் கெடுகிறது என்றால் கட்டுரையின் பின்பாதி உங்களுக்கு.

கொருக்குப்பேட்டைச் சோதனை

எந்த மென்பொருளைப் புதிதாகத் திறந்தாலும் நான் முதலில் அடிக்கும் வார்த்தை 'கொருக்குப்பேட்டை'. ஊர்ப்பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், தமிழ் எழுத்துக்குத் தேவையான அத்தனை சிக்கலும் அந்த ஒரு பெயரில் இருக்கிறது. 'கொ'வில் முன்னால் கொம்பு, பின்னால் கால். 'ரு', 'கு' இரண்டும் அடியில் வளைபவை. 'பே'யில் இரட்டைக்கொம்பு, 'ட்'டில் புள்ளி, 'டை'யில் ஐகாரம். அடுத்த வரியில் 'கொடுங்கையூர்', 'ஸ்ரீ', 'க்ஷ' இவற்றையும் அடித்துப் பாருங்கள். இத்தனையும் சரியாக வந்துவிட்டால் அந்த மென்பொருளில் தைரியமாகத் தமிழ் வேலை செய்யலாம்.

இதில் ஏன் தவறு வருகிறது? எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஒரு பொது எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ' என்பது 'க'வும் அதற்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 'க'வுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அதற்கு அந்த வேலை தெரியாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் தோன்றும். அந்தப் புள்ளிவட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளுங்கள், ஆதாரமில்லாமல் ஒரு குறி தொங்குகிறது என்று.

பிரீமியரில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் பக்கம் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். அடோபியின் அசைவு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைப் என்ற பக்கத்தில் இதே பெயரில் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறும், பெயரை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். மாற்றிய பிறகு பழைய லேயரை நம்ப வேண்டாம், அழித்துவிட்டு வரியைப் புதிதாக அடியுங்கள். நம் கானாத் தம்பி ஏழு ஃபான்ட் மாற்றியும் கொம்பு சேராததற்குக் காரணம் இந்த ஒரு சுவிட்ச்தான்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் டிராக்கிங் சுழியத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தலைப்புக்கு இடைவெளி விட்டால் அழகாக இருக்கும். தமிழில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நடந்துபோய்விடும்.

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்த எழுத்து

நம் பக்கத்தில் பாதி வேலை ஃப்ளெக்ஸ் கடையிலிருந்துதான் வருகிறது. பேனருக்கு அடித்த வாசகத்தை அப்படியே வீடியோவுக்கும் போடச் சொல்வார்கள். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் அடித்தது அது. அவற்றில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் 'அம்மா' என்று அடித்துவிட்டு ஃபான்ட்டை மாற்றினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பு கெடவில்லை, முகமூடி கழன்றுவிட்டது, அவ்வளவுதான்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. பேனர் கடைகளில் பழக்கம் இன்னும் மாறவில்லை. அவர்களுக்கு வேகம் முக்கியம், கை பழகிய விசைப்பலகையை விட மனம் வராது, அதைக் குறை சொல்லவும் மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த ஃபான்ட்டில் அடித்தது என்று கேட்டு, எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஃபான்ட் பெயரைத் தவறாகச் சொல்லியிருந்தால் சில எழுத்து மட்டும் மாறியிருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

யூனிகோடில் நல்ல ஃபான்ட்டுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கேப்ஷனுக்கு நான் எடுப்பது முக்தா மலர், அதிலும் கனமான வகை. பலூ தம்பி குண்டாக, விளையாட்டாக இருக்கும். கானாவுக்குப் பொருந்தும், அஞ்சலி வீடியோவுக்குப் போட்டுவிடாதீர்கள். சில தமிழ் ஃபான்ட்களில் எண்கள் இருக்காது. 'ராயபுரம் ரயில் நிலையம், 1856' என்று ஒரு தலைப்பு போட்டபோது 1856 மட்டும் வேறு ஏதோ ஃபான்ட்டில் ஒல்லியாக வந்து நின்றது. எண்ணையும் அடித்துப் பார்த்துவிட்டே ஃபான்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

வரிகளை, நேரக்குறியோடு எழுதிய சப்டைட்டில் கோப்பான எஸ்ஆர்டியாகக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்தைச் சேமிக்கும் முறை, யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். திறந்தால் தலையில் சிறு கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தால் பயப்படாதீர்கள். கோப்பு நன்றாக இருக்கிறது, திறந்த விதம் தவறு, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் கதை வேறு. தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமித்து எழுத்தே போய்விட்டது, மூலத்தைத் தேடுங்கள்.

அளவு: சின்னதை இழுத்துப் பெரிதாக்காதீர்கள்

வடிவம் சரியாகிவிட்டது, ஓரம் மட்டும் படிக்கட்டு. இதற்கு முக்கால்வாசிக் காரணம் இழுப்பு.

கிளிப்புகளை அடுக்கும் சட்டமான சீக்வென்ஸின் அளவை முதலில் பாருங்கள். முதல் கிளிப்பை டைம்லைனில் போடும்போது அதன் அளவையே சீக்வென்ஸ் எடுத்துக்கொள்ளும். பழைய போனில் எடுத்த 1280×720 கிளிப் முதலில் விழுந்தால் எல்லா எழுத்தும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்தான் வரையப்படும். கடைசியில் 1920×1080 என்று எக்ஸ்போர்ட் செய்தால் ஒன்றரை மடங்கு இழுபடும். அகல வீடியோவுக்கு 1920×1080, ரீல்ஸ், ஷார்ட்ஸுக்கு 1080×1920 என்று முதலிலேயே நீங்களே அமைத்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்தைப் பெரிதாக்கும் முறை. ஃபான்ட் சைஸைக் கூட்டுங்கள். பிரீமியரில் கிளிப்பின் மோஷன் பகுதியில் ஸ்கேலைக் கூட்டினால், வரைந்து முடித்த படத்தை இழுப்பது போலத்தான். அசைவுக்காகப் பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் வெக்டார் மோஷன் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் செய்யுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு காம்ப்புக்குள் (அங்கே சீக்வென்ஸுக்கு அதுதான் பெயர்) இன்னொரு காம்ப் வைத்துப் பெரிதாக்கினால் கொலாப்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் சுவிட்சை அழுத்துங்கள்.

நம் தம்பியின் பாட்டுத் தலைப்பு ஒரு நண்பன் போட்டோஷாப்பில் செய்தது. வாட்ஸ்அப்பில் படமாக வந்திருக்கிறது. வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, ஜேபெக் ஆக்கி, ஓரமெல்லாம் அழுக்குப் புள்ளி தெளித்துக் கொடுத்துவிட்டது. அதை மூன்று மடங்கு இழுத்துத் திரை முழுக்கப் போட்டிருந்தான். அப்படி வந்ததை எதுவும் செய்ய முடியாது. நண்பனிடம் சொல்லி 1920×1080 அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜியாக, டாக்குமென்ட்டாக அனுப்ப வைத்தோம். போன் பண்ணிய இரண்டு நிமிடம்தான் செலவு.

கைன்மாஸ்டர், இன்ஷாட் என்று போனிலேயே எடிட் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். ப்ராஜெக்ட் அளவு, எழுத்து அளவு, படமாக ஒட்டியதா அடித்ததா என்ற மூன்றையும் பாருங்கள்.

மணம், மனம் ஆகிவிடக் கூடாது

கானா வீடியோ என்றால் நம் பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பு எழுத்து, பச்சை ஓரம், அதற்கு வெளியே ஒரு மஞ்சள் பளபளப்பு. ரசனையில் தலையிட மாட்டேன், கணக்கை மட்டும் சொல்கிறேன். நாம் எக்ஸ்போர்ட் செய்யும் எச்.264 என்ற சுருக்க முறைக் கோப்பு பெரும்பாலும் 4:2:0 முறையில் நிறத்தைச் சேமிக்கிறது. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக இருக்கும். நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். அதாவது 1920×1080 வீடியோவில் நிறத்தின் உண்மையான அளவு 960×540. வெள்ளை எழுத்து கறுப்பு ஓரம் என்றால் வித்தியாசம் முழுக்க வெளிச்சத்தில் இருக்கிறது, கூர்மை நிற்கும். சிவப்பு எழுத்து நீலக் கடல்மேல் என்றால் இரண்டுக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்று, வித்தியாசம் நிறத்தில் மட்டும், ஆகவே கசியும். எந்த மென்பொருளாலும் இதை மாற்ற முடியாது. மஞ்சள் வேண்டுமா, தாராளமாகப் போடுங்கள், மஞ்சளில் வெளிச்சம் அதிகம். சிவப்பு விட மாட்டேன் என்றால் அதைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம் கொடுங்கள்.

ஓரத்தின் தடிப்பில்தான் அடுத்த ஆபத்து. 'ண'வில் மூன்று சுழி, 'ன'வில் இரண்டு. ஓரம் உள்பக்கமாகவும் பரவினால் சுழிகள் அடைபட்டு இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும். தம்பியின் பாட்டில் 'மணம்' என்றொரு வரி, பூ வாசம் பற்றியது. அதைத் திரையில் எல்லாரும் 'மனம்' என்றே படித்தோம். எழுத்தின் ஓரமான ஸ்ட்ரோக்கை அவுட்டர் என்று வையுங்கள், சென்டர் வேண்டாம். 60 பிக்சல் எழுத்துக்கு 4 பிக்சல் ஓரம் எனக்குப் போதும், 8 போனால் அடைப்பு ஆரம்பிக்கும். போலி போல்டும் போடாதீர்கள். மென்பொருள் எழுத்தைத் தானாகத் தடிக்க வைக்கும் பொத்தான் அது, 'ஞ', 'ஐ', 'ணை' எல்லாம் அதில் மூச்சுத்திணறும். ஃபான்ட்டிலேயே இருக்கும் போல்ட் வகையை எடுங்கள். ஓரம் போட்டதும் எழுத்துக்குள் குறுக்குக் கோடுகள் தோன்றினால் அது எல்லாத் தடிப்பும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் ஃபான்ட்டாக இருக்கலாம். அதே ஃபான்ட்டின் சாதாரணக் கோப்பை நிறுவினால் போய்விடும்.

இரண்டு வரி வரும்போது வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். மேல்வரியின் 'ஞு'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

கடல் பிட்டைத் தின்னும்

எக்ஸ்போர்ட்டுக்கு வருவோம். தம்பி 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) பிட்ரேட்டில் போட்டிருந்தான். வாட்ஸ்அப்பில் லேசாகப் போக வேண்டுமாம். இந்தப் பிட்ரேட் என்பது ஒரு விநாடிக்கு இவ்வளவு தகவல் என்று கொடுக்கும் படியளப்பு. அசையாத காட்சிக்குக் கொஞ்சம் போதும். காசிமேட்டில் என்ன அசையாமல் இருக்கிறது? அலை, படகு, ஏலம் கேட்கும் கூட்டம், மேலே காக்கை. மொத்தப் படியும் அவற்றுக்கே போய்விட, எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல் இரைச்சல் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்திருந்தால் படகெல்லாம் கட்டிக்கிடந்திருக்கும், எழுத்தும் தப்பித்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

யூடியூபின் பரிந்துரை 1080க்கு, விநாடிக்கு 30 ஃப்ரேம் வரை, 8 எம்பிபிஎஸ். நான் அதற்கு இரட்டிப்பாக 16 வைக்கிறேன், ஏனென்றால் யூடியூப் நம் கோப்பை மறுபடியும் பிழியப்போகிறது, பிழியக் கொடுப்பது கெட்டியாக இருக்கட்டும். நாலு நிமிடப் பாட்டு 480 எம்பி வரும். காட்சிக்கேற்ப பிட்டைப் பங்கிடும் விபிஆர் டூ பாஸ் இருந்தால் தேர்ந்தெடுங்கள். ஃப்ரேம் ரேட்டை மாற்றாதீர்கள், 25இல் எடுத்தது 25இலேயே போகட்டும். எழுத்துக்குப் பின்னால், காட்சி அரைகுறையாக ஊடுருவித் தெரியும் ஒரு கறுப்புப் பட்டை வைத்தால் அலையின் ஆட்டம் எழுத்தைத் தொடாது. செலவில்லாத வைத்தியம்.

யூடியூபில் ஏற்றிய உடனே பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், உயர்ந்த தரம் பிறகு வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஸ்டேட்டஸுக்குச் சுருக்கம் தவிர்க்க முடியாது. அதற்கென்று எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு மூன்று நான்கு வார்த்தையாகத் தனியே ஒன்று செய்து கொடுத்துவிடுவேன்.

லோக்கல் கேபிளுக்குப் போகும் விளம்பரம் என்றால் மட்டும், படத்தின் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறி மாறி வரும் இன்டர்லேஸ் கேட்பார்கள். அங்கே ஒல்லி ஃபான்ட் ஆகாது. 'ட', 'ப' இவற்றின் அடிக்கோடு ஒரு பிக்சல் தடிப்பில் இருந்தால் விட்டுவிட்டு மின்னும். ஓடும் வரி ஒரு ஃப்ரேமுக்கு 4 பிக்சல் என்பது போல முழு எண்ணாக நகர வேண்டும். மூன்றே முக்கால் என்று நகர்ந்தால் நடுங்கும். இணையத்துக்குப் போகும் எதிலும், முழு ஃப்ரேமும் ஒன்றாக வரும் ப்ரோக்ரசிவ்தான்.

பாடியதைத்தான் எழுத வேண்டும்

கடைசியாக வாசகம். தானாகக் கேப்ஷன் எழுதும் வசதி வந்துவிட்டது, நேரக்குறி போட அது நல்ல உதவி. எழுத்தை அதனிடம் விடாதீர்கள். அவன் 'இன்னாமே' என்று பாடினால் திரையிலும் 'இன்னாமே' என்றே வர வேண்டும். 'என்னம்மா' என்று திருத்தினால் எதுகையும் போச்சு, ஏரியாவும் போச்சு. அஞ்சலி வீடியோவிலோ நேர் எதிர், பெயரின் முன்னெழுத்துவரை அழைப்பிதழில் இருப்பது போல இருக்க வேண்டும், வீட்டாரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரியை மடக்கும்போது வார்த்தைக்கு நடுவில் வெட்டாதீர்கள், பாடுபவன் மூச்சு விடும் இடத்தில் வெட்டுங்கள். ரீல்ஸில் அடிப்பகுதியும் வலது ஓரமும் பொத்தான்களுக்குச் சொந்தம், எழுத்தை அதற்கு மேலே ஏற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோப்பைப் போனில் போட்டு வெயிலில் போய்ப் பாருங்கள். அறைக்குள் ஏசியில் தெரிகிற எழுத்து வேறு, துறைமுகத்து வெயிலில் தெரிகிறது வேறு. அந்தப் பாட்டை இதுவரை கேட்காத ஒருவரிடம் காட்டுங்கள், ஒலியை நிறுத்திவிட்டு. எங்கள் அறைக்குக் கீழே இருக்கும் டீக்கடை மாஸ்டர்தான் என் சோதனையாளர். பாய்லரை விட்டு வெளியே வந்து, கையால் நிழல் கட்டிக்கொண்டு, தம்பியின் பாட்டை முதல் வரியிலிருந்து படித்தார். மணம் மணமாகவே வந்தது. மூன்றாம் வரியில் நிறுத்தி, "பட்டணம்னு இருக்கணும், ஒரு புள்ளிய காணோமேப்பா" என்றார். மாடியேறிப் புள்ளியை வைத்து மறுபடி எக்ஸ்போர்ட் போட்டோம்.